கிள்ளானில் விழுந்த கை

போன மாதம் திவ்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் வேலைக்கு வந்தவள். பிரிக்பீல்ட்ஸில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் கணினி இணைப்புகளை இப்போது அவள்தான் கவனித்துக்கொள்கிறாள்.

"அக்கா, லைன்ல எது முதல்ல போகணும்ங்கிற பேண்ட்வித் ரூல் எதையும் இனிமே நாம எழுத வேணாமாம். புது சாஃப்ட்வேர் தானாவே பாத்துக்குமாம். பழசையெல்லாம் எடுக்கச் சொல்றாங்க. அதுல ஒண்ணு மட்டும் யாருக்கும் புரியல. டாக்டர் பாக்குற வீடியோ நின்னுச்சுன்னா ஸ்கிரீன் உடனே கறுப்பாயிடணும்னு போட்டிருக்கு. எதுக்குக்கா அப்படி? பாக்கவே அசிங்கமா இருக்குலா."

"அத மட்டும் எடுக்காதம்மா" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரியே எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் சீர்படுத்தி இங்கே தருகிறேன். நோயாளியின் பெயரையும் உடன் இருந்தவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் ஆரம்ப வருடங்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அம்பாங்கில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்து, கடைவீடுகளின் கூரைத் தட்டுக்கு மேலே தவழ்ந்து கேபிள் இழுத்தேன். பெண்பிள்ளை ஏணி ஏறுவதைப் பார்க்கக் கீழே நாலு பேர் கூடுவார்கள். பிறகு பகுதிநேரமாகப் படித்து, பரீட்சைகள் எழுதி, மருத்துவமனையில் இடம் கிடைத்ததும் அங்கேயே தங்கிவிட்டேன். கிள்ளான், அம்பாங், சுங்கை பூலோ என்று கிளைகள் வளர வளர அவற்றைத் தலைமையகத்தோடு இணைக்கும் வேலை என்னிடம் வந்தது.

அந்த வேலையை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் இப்படிச் சொல்வேன். கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையே ஒரே ஓர் இணைப்புத்தான். அதற்குள்தான் தொலைபேசிப் பேச்சு, கூட்டங்களின் வீடியோ, எக்ஸ்ரே படங்கள், பில் கணக்கு, வாகன நிறுத்துமிடத்துக் கேமரா எல்லாமே போக வேண்டும். சாதாரண நேரத்தில் இடம் போதும். எல்லாம் ஒரே நேரத்தில் முண்டினால் யாராவது காத்திருக்கத்தான் வேண்டும். யார் காத்திருப்பது என்று முடிவு செய்வதுதான் என் வேலை.

அதற்கு எல்லாப் பாடப் புத்தகங்களிலும் ஒரே வரிசைதான். முதலில் குரல். பிறகு வீடியோ. மற்றதெல்லாம் அப்புறம். படம் கொஞ்சம் மங்கினாலும் நின்று நின்று வந்தாலும் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் அறுந்தால் பேச்சே அறுந்துபோகும். தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து கூட்டம் போட்டபோது இந்த வரிசைதான் எங்களைக் காப்பாற்றியது. இயக்குநரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தாலும் அவர் திட்டுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஊரடங்கு முடிந்த கையோடு எங்கள் பிரிவுக்குப் புதிய தலைவி வந்தார். புவான் ரொஹானா. புவான் என்றால் மலாயில் அம்மையார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் "ஓகே" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "கிள்ளான் லைன் ஓகே, புவான்" என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார். "ஓகே உந்தோக் சியாப்பா?" என்பார். யாருக்கு ஓகே என்று அர்த்தம். கருவிக்கா, நமக்கா, அந்த லைனில் பேசிக்கொண்டிருப்பவருக்கா? முதல் சில வாரங்கள் எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

விதிகளை மாற்றுவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். எதையாவது வரிசையில் முன்னே கொண்டுவர வேண்டுமென்றால், அதனால் பின்னே போகப்போவது எது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டார். கேட்க எளிதாக இருக்கும். உண்மையில் பாதிக் கோரிக்கைகள் அந்தக் கேள்வியிலேயே செத்துப்போகும்.

கிள்ளான் கிளையில் நரம்பியல் மருத்துவர் கிடையாது. பக்கவாதம் வந்த நோயாளி அங்கே வந்தால், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டாக்டர் லிம் வீடியோவில் பரிசோதிப்பார். சக்கரம் வைத்த ஒரு கம்பத்தில் கேமராவும் திரையும் மைக்கும் பொருத்தியிருப்பார்கள். தாதி அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்துவார். டாக்டர் நோயாளியைப் பல்லைக் காட்டச் சொல்வார். பிறகு இரண்டு கைகளையும் நேராகத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பத்து வரை வாய்விட்டு எண்ணுவார். மூளையில் ஒரு பக்கம் அடிபட்டிருந்தால், எண்ணி முடிப்பதற்குள் ஒரு கை மெல்லத் தாழும். சிலருக்குச் சட்டென்று விழுந்துவிடும். அந்தப் பத்து எண்ணும் நேரத்தில் டாக்டர் இமைக்காமல் பார்ப்பார். அப்புறம் கால்கள், பிறகு பேச்சு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா வேண்டாமா என்பதை இதையும் சி.டி. ஸ்கேன் படத்தையும் வைத்துத்தான் முடிவு செய்வார். ஊசிக்குக் கால வரம்பு உண்டு. தாண்டிவிட்டால் போட முடியாது. தேவையில்லாதவருக்குப் போட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். எனக்கு இவையெல்லாம் அவருடைய அறையில் உட்கார்ந்த பிறகு தெரிந்தவை.

நான் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அவர் சொன்ன ஒரு புகார். "சில நேரம் படம் ஒட்டிக்கொள்கிறது" என்றார். இணைப்பில் எவ்வளவு போகிறது என்று காட்டும் பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். இணைப்பு எந்த நாளும் நிரம்பி வழியவில்லை. அழைப்பு எதுவும் அறுந்ததில்லை. புவான் ரொஹானாவிடம் போய், பார்த்துவிட்டேன், ஓகே என்றேன்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "புஷ்பா, டாக்டர் அறையில போய் உட்காரு. அவர் பாக்குறதை நீயும் பாரு" என்றார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது மலாயும் ஆங்கிலமும் கலந்த பாஷை. இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

ஒரு மத்தியானம். கிள்ளானில் நல்ல மழை என்று அழைப்பில் வந்த முதல் சத்தத்திலேயே தெரிந்தது. டாக்டர் லிம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரமாக மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு இணைப்பின் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். நெரிசல் இல்லை என்று பச்சைக் கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

நோயாளியின் பெயர் சேகர். துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது வாய் கோணி, வலது பக்கம் தள்ளாடியிருக்கிறார். மனைவி லெட்சுமி பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கிள்ளானில் பணியில் இருந்த இளம் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: வரும்போது கை பலவீனமாக இருந்தது, இப்போது தேவலை போலத் தெரிகிறது, பேச்சு லேசாகக் குழறுகிறது, ஸ்கேன் இப்போதுதான் எடுத்தோம், படங்கள் உங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு ஓடினார். தாதி ஜெயந்தி மட்டும் கம்பத்தின் அருகில் நின்றார்.

சேகர் பல்லைக் காட்டினார். ஒரு பக்கம் மிக லேசாகத்தான் இறங்கியிருந்தது. டாக்டர் மலாயில் கைகளைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். கண்ணை மூடச் சொன்னார். மூடினார்.

"சத்து. டுவா. தீகா."

இரண்டு கைகளும் திரையில் நேராக நின்றன. நான்கூட நினைத்தேன், இந்த மனிதருக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்விடுவார் என்று. டாக்டர் எண்ணிக்கொண்டே போனார். ஒலிபெருக்கியில் மழைச் சத்தம். அதற்குள்ளே மெல்ல ஒரு பெண் குரல் தமிழில் கேட்டது.

"ஏங்க... கைய ஏன் கீழ போட்டீங்க? தூக்குங்கங்க. டாக்டர் பாக்குறாரு."

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு கைகளும் மேலேதான் இருந்தன.

"லப்பான். செம்பிலான். செப்புலோ. பாகுஸ்" என்று பத்து வரை எண்ணி முடித்தார் டாக்டர். நல்லது என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

அந்த அம்மாள் வேறு யாருடைய கையைப் பற்றியோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் அதே குரல், இன்னும் தாழ்ந்து, கெஞ்சுகிற மாதிரி. "இந்தக் கையத்தாங்க. தூக்குங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து திரையை உற்றுப் பார்த்தேன். மரத்தால் செய்த மாதிரி அந்தக் கைகள் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தன. மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டிய மார்பும் அசையவில்லை.

"டாக்டர், மன்னிக்கணும். கை கீழே விழுந்துடுச்சுனு அவர் மனைவி சொல்றாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒரு கேள்வியும் என்னிடம் கேட்கவில்லை. மைக்கின் பக்கம் திரும்பி, "சிஸ்டர், அவர் கை இப்ப எங்கே இருக்கு?" என்றார்.

ஜெயந்தியின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது. "வலது கை மெத்தை மேல டாக்டர். நீங்க மூணு எண்ணும்போதே விழுந்துடுச்சு."

அவர் அதைச் சொல்லும்போதும் திரையில் இரண்டு கைகளும் மேலே நின்றன. அவர் பேசி முடித்துச் சில நொடிகள் கழித்துப் படம் துள்ளியது. வலது கை போர்வையின் மேல் கிடந்தது. அதுவரை படத்திலேயே இல்லாத ஒரு பெண், கட்டிலின் மேல் குனிந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் லிம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சிஸ்டர், இனி நான் படத்தை நம்பல. திரும்பவும் முதல்லேருந்து செய்வோம். நான் சொல்றதை அவரைச் செய்ய வைங்க. நீங்க பாக்குறதை வாயால சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

ஜெயந்தி சொன்னார். வலது கை, ஒன்று, இரண்டு, தாழுது, விழுந்துடுச்சு. வலது கால், தூக்க முடியல. வாய், வலது பக்கம் இறங்குது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் என்றே எனக்கு ஞாபகம். அதற்குள் ஸ்கேன் படங்கள் முழுவதும் வந்து சேர்ந்திருந்தன. ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்தார். இளம் டாக்டரைத் திரும்ப அழைத்தார். மனைவியிடம் விளக்கிச் சம்மதம் வாங்கச் சொன்னார். ஊசி போடச் சொன்னார்.

அழைப்பு முடிந்ததும் அவர் தன் குறிப்புத் தாளை இழுத்துக்கொண்டார். முதலில் எழுதியிருந்த வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார்.

"இவரை மாத்திரையோட வார்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

நான் மடிக்கணினியைப் பார்த்தேன். பச்சைக் கோடு அமைதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் அதையே செய்து பார்த்தோம். டாக்டர் லிம்மின் அறையில் நானும் புவான் ரொஹானாவும். கிள்ளானில் காலிக் கட்டிலுக்கு முன்னால் எங்கள் தொழில்நுட்பப் பணியாளர் ஹாஃபிஸ். முதலில் வெறும் அழைப்பு மட்டும். ஹாஃபிஸ் கையைத் தூக்கினான், இறக்கினான், கோமாளித்தனமாக ஆட்டினான். படம் அப்படியே வந்தது. பிறகு கிள்ளானில் கணினியில் இருந்த சோதனை ஸ்கேன் படங்களை அனுப்பச் சொன்னேன்.

"கையத் தூக்கு ஹாஃபிஸ்" என்றார் புவான் ரொஹானா.

தூக்கினான். அப்படியே நின்றான். சிரித்த முகத்தோடு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

"இப்ப இறக்கு."

"எப்பவோ இறக்கிட்டேன், புவான்" என்றது அவன் குரல்.

திரையில் கைகள் நின்றன. புவான் ரொஹானா திரைக்குக் கிட்டே போனார்.

"அறையை விட்டு வெளியே போ."

காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஹாஃபிஸ் எங்கள் முன்னால் கைகளை நீட்டிச் சிரித்துக்கொண்டே நின்றான்.

புவான் ரொஹானா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் முகம் வெளுத்துப்போய் இருந்தது. ஆளில்லாத அறையில் ஆள் நிற்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் கிள்ளானின் அவசர சிகிச்சை டாக்டர்கள் ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள். பக்கவாத நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேரத் தாமதமாகிறது, அவற்றைச் சீக்கிரம் அனுப்ப வழி செய்யுங்கள் என்று. நியாயமான கோரிக்கை. எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். ஸ்கேன் படங்களைக் கடைசி வரிசையிலிருந்து எடுத்து வீடியோவுக்குச் சமமாக வைத்தோம். புவான் ரொஹானா தன் கேள்வியைக் கேட்கத்தான் செய்தார். இதனால் பின்னே போவது எது? எதுவும் பின்னே போகவில்லை, இரண்டும் சமம் என்று பதில் வந்தது. அது உண்மைதான். அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஸ்கேன் என்பது ஒரு படம் இல்லை. கட்டுக்கட்டாக வரும் படங்கள். அவை புறப்பட்டால் அந்த வரிசையில் இருக்கும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். வீடியோவுக்கு மூச்சு முட்டும். வீடியோச் செயலியோ பார்ப்பவர் மனம் கோணக் கூடாது என்று, புதிய படம் வராதபோது கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். குரலுக்குத் தனி வரிசை என்பதால் அது கொஞ்சமும் சிதையாது. குரல் தெளிவாக இருப்பதால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பார்ப்பவர் நம்புவார். எங்கள் வரைபடமோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை சராசரி எடுப்பது. ஒரு கை விழுகிற நேரம் அதற்குள் காணாமல் போய்விடும்.

இதையெல்லாம் வெள்ளைப் பலகையில் வரைந்துகொண்டே வந்த நான், ஓர் இடத்தில் கையை எடுத்துவிட்டேன். சாதாரண நோயாளிக்கு ஸ்கேன் போகும், வீடியோ இருக்காது. கூட்டத்தில் வீடியோ இருக்கும், ஸ்கேன் போகாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது ஒரே ஓர் ஆளுக்குத்தான். பக்கவாதம் வந்து, ஊசிக்காக அவசரமாகப் பரிசோதிக்கப்படுகிறவருக்கு. அவருடைய மூளையின் படங்களே அவருடைய கையின் படத்தை வழியில் நிறுத்திவைத்திருக்கின்றன. யாரை வேகமாகக் காப்பாற்ற அந்த விதியை எழுதினோமோ, அது அவரை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்கியிருக்கிறது.

புவான் ரொஹானா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முந்தி எத்தனை பேர், புஷ்பா?" என்றார்.

நான் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை.

மறுநாள் கூட்டம். மருத்துவ இயக்குநர், டாக்டர் லிம், நிர்வாகத்தில் ஒரு மூத்த அதிகாரி, நாங்கள் இருவர். விதியை நேற்றே மாற்றிவிட்டோம் என்றேன். பக்கவாத அழைப்பு நடக்கும்போது ஸ்கேன் படங்களுக்குத் தனிப் பாதை, வீடியோவின் இடத்தில் அவை கை வைக்க முடியாது. நிர்வாக அதிகாரிக்கு நிம்மதி.

"நல்லதுலா. லைனையும் பெருசா போட்டுடுவோம். நடந்தது நடந்துச்சு. அந்த நோயாளிக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாம் ஓகே."

"யாருக்கு ஓகே?" என்றார் புவான் ரொஹானா.

அதிகாரி சிரித்தார். புவான் ரொஹானா சிரிக்கவில்லை.

"இனிமே வர்றவங்களுக்கு ஓகே. ஸ்கேனை முன்னே கொண்டுவந்ததுக்கும் நேத்திக்கும் நடுவுல கிள்ளானுக்கு வந்தவங்களுக்கு? அவங்க வீட்டாளுங்க யாரும் பக்கத்துல நின்னு பேசலேன்னா? பேசினதும் நமக்குப் புரியாத மொழியா இருந்திருந்தா?"

"அப்படித் தோண்ட ஆரம்பிச்சா வக்கீல் நோட்டீஸ்தான் வரும்" என்றார் அதிகாரி. கோபத்தோடு சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துதான் சொன்னார்.

"விதியில கையெழுத்துப் போட்டது நான். நோட்டீஸ் வந்தா என் பேருக்கு வரட்டும்."

டாக்டர் லிம் தன் கைகளை மேசைமேல் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மருத்துவ இயக்குநர் வாயைத் திறந்தார். "எல்லாரையும் கூப்பிடுங்க. ஒருத்தர் விடாம."

கூப்பிட்டார்கள். அவ்வளவு நாளில் கிள்ளானில் வீடியோவில் பரிசோதிக்கப்பட்டவர்கள் கைவிரல்களுக்குள் அடங்குகிற ஆட்கள்தான். பெரும்பாலோருக்கு வேறு ஒரு டாக்டர் நேரிலும் பார்த்திருந்ததால் சிகிச்சை சரியாகவே நடந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வயதான ஒரு சீனப் பெண்மணி. ஊசி வேண்டாம் என்று முடிவானவர். இடது கைக்குச் செயல் பிறகு திரும்பவே இல்லை. அவரைப் பரிசோதித்தபோது படம் நின்றதா, நின்றிருந்தாலும் ஊசி அவருக்கு உதவியிருக்குமா, எதையும் யாராலும் சொல்ல முடியவில்லை. மருத்துவமனை அவர் குடும்பத்திடம் அதையே சொன்னது. மகன் கேட்டுவிட்டு, "தெரியாதுன்னு சொல்லவா கூப்பிட்டீங்க?" என்றாராம். அந்த வாக்கியத்தை எனக்குச் சொன்னது டாக்டர் லிம். இன்று வரைக்கும் அந்த அம்மாளின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் வேலையில் இருந்த மீதி நாளெல்லாம் இணைப்பு வரைபடத்தைத் திறக்கும்போது அவர் நினைவுதான் முதலில் வரும்.

அதற்குப் பிறகு செய்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, கிள்ளானில் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் தாதி, தான் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் லிம் வழக்கமாக்கினார். ஜெயந்திதான் அதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு ஏன் நீங்களாகச் சொல்லவில்லை என்று அவரிடம் நான் கேட்டிருக்கிறேன். "டாக்டர் பாத்துக்கிட்டுத்தானேக்கா இருந்தாரு. பாத்துட்டுத்தான் பாகுஸ்னு சொல்றாருன்னு நெனச்சேன். ஒருவேளை அப்படி விழுறதுதான் நல்லதோ என்னமோன்னு" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எல்லாரும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, திவ்யா கேட்ட அந்தக் கறுப்புத் திரை. வீடியோச் செயலியின் நிறுவனத்தோடு புவான் ரொஹானா பல மாதங்கள் மல்லுக்கட்டினார். திரை கறுத்தால் வாடிக்கையாளர்கள் பயப்படுவார்கள், பழைய படம் இருந்தால் மனதுக்கு இதமாக இருக்கும் என்றார்கள். "என் டாக்டருக்கு இதம் வேண்டாம். ஒண்ணும் தெரியலேன்னா ஒண்ணும் தெரியலேன்னு காட்டுங்க" என்றார். கடைசியில் எங்களுக்கு மட்டும் செய்துகொடுத்தார்கள். அதுதான் அந்த விதி. புதிய மென்பொருள் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் சரி, அது யாருக்காக எதை மறைக்கிறது என்று கேட்காமல் அதன் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டாம் என்பதுதான் திவ்யாவுக்கு நான் சொல்ல வந்தது.

சேகரின் குடும்பத்துக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று மருத்துவ இயக்குநர் முடிவு செய்தார். "குரலைக் கேட்டது நீதானே, நீயும் போ" என்று புவான் ரொஹானா என்னை அனுப்பினார். கிள்ளான் மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் ஒரு சிறிய அறை. சேகர் வலது கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் மெதுவாகத்தான் மடங்கின, ஆனால் மடங்கின. லெட்சுமி பக்கத்தில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் மலாயில் சொன்னார். படம் நின்றது, டாக்டருக்குக் கை மேலே இருப்பதாகத் தெரிந்தது, தவறு எங்களுடையது, உங்கள் குரலால்தான் தெரியவந்தது. புரியாத இடங்களை நான் தமிழில் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"நான் டாக்டர்கிட்ட எதுவும் சொல்லலையேங்க" என்றார்.

"நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னதுதாம்மா எங்களுக்குக் கேட்டுச்சு."

"டாக்டர் பாக்குறாரு, நீங்க பேசாம தள்ளி நில்லுங்கன்னு அந்தத் தாதி சொல்லியிருந்தாங்க. நானும் பேசக் கூடாதுன்னுதான் நின்னேன். மனசு கேக்கல. இவரு காதுல மட்டும் விழுற மாதிரி மெதுவாத்தான் சொன்னேன். அதுவா கேட்டுச்சு?"

"அதுதாம்மா."

அவர் பையின் கைப்பிடியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் அவங்க சொன்ன மாதிரியே பேசாம நின்னிருந்தா?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை.

சேகர்தான் பதில் சொன்னார். சொற்கள் இன்னும் குழறிக்கொண்டுதான் வந்தன. "நீ... எங்க... பேசாம நின்னிருக்க" என்றார். சொல்லிவிட்டு, கோணிய வாயால் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

லெட்சுமி சிரிக்கவில்லை. எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.